பதினோரு மணி ஷிஃப்ட்

"நம்பர் சொல்லுங்க" என்றார் அம்மா.

"அம்மா, நான்தான்."

"நான்தான்னு எந்த நம்பரும் இல்லைங்க. நம்பர் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். எதிரே நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர், கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் சுமந்தபடி சுவரில் இருந்த எழுத்துப் பலகையை முறைத்துக்கொண்டிருந்தார்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருந்துச்சா?" என்று ஒரு வில்லையை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டார் கண்ணாடிக்காரர்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"அம்மா, மத்தியான மாத்திரை போட்டியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"சார், சந்தாதாரர் நேரத்தை வீணாக்காதீங்க. பின்னாடி நிறைய பேர் காத்திருக்காங்க."

பின்னால் யாரும் காத்திருக்கவில்லை என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியும். ஆனால் வாதாடிப் பயனில்லை என்பதும் தெரியும். அதனால் பழகிய வழிக்கே வந்தார்.

"சரிங்க. எனக்கு எங்க அம்மாகிட்ட பேசணும். கொஞ்சம் இணைச்சு விடறீங்களா?"

"லைன்ல இருங்க சார்."

இரண்டு விநாடி நிசப்தம். நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு அதே தொண்டையிலிருந்து வேறொரு குரல்.

"யாருடா, நீயா? காலையிலேருந்து ஒரு போன் பண்ண முடியலையா உனக்கு?"

"மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டாச்சு, சாப்பிட்டாச்சு, தட்டும் கழுவியாச்சு. வேலையைப் பாரு."

அம்மா முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு ஊரில் இருப்பவரை இன்னொரு ஊரில் இருப்பவரோடு கம்பியைச் செருகிப் பேசவைத்த காலம் அது; ஒரு டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான். மறதி நோய் அவரிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தது. முதலில் சாவிகளை எடுத்தது, பிறகு கிழமைகளை, போன வருஷம் பக்கத்துத் தெருவை. எக்ஸ்சேஞ்சை மட்டும் ஏனோ தொடவில்லை. அது அப்படியே, விளக்கு எரிய, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் கல்யாணம் பண்ணிக்கொள்ள நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்து ஐம்பதைத் தாண்டிவிட்டவர். வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குத் துணையாக இரண்டு ஆட்களை வைத்துப் பார்த்தார். முதல் ஆள், அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்த குற்றத்துக்காக முதல் நாளே வெளியேற்றப்பட்டார். இரண்டாவது ஆள் மூன்று நாள் தாக்குப்பிடித்தார். நாலாம் நாள், "எக்ஸ்சேஞ்ச் ரூமுக்குள்ள வெளியாள் வரக்கூடாது" என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஆளின் செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் வெளியூரிலிருந்து அக்கா போன் செய்தார். அக்கா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அந்த ஓய்வில் நிம்மதி அடைந்தது பள்ளிக்கூடம்தான்.

"அம்மாவைப் பகல் முழுக்கத் தனியா விட்டுட்டுப் போறியாமே? ஒழுங்கா ஒரு ஆளை வை. இல்லைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். என் வீட்டுப் பக்கத்துலயே ஒரு நல்ல முதியோர் இல்லம் இருக்கு."

"ஆளெல்லாம் எதுக்குக்கா? இது எந்தக் காலம்! எல்லாத்தையும் போனே பார்த்துக்கும்" என்றார் கண்ணாடிக்காரர் வீராப்பாக.

சொன்னதோடு நிற்காமல், அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வந்தார். பொத்தானுக்குப் பதிலாகப் புகைப்படம் ஒட்டிய டெலிபோன். திறந்தால் அவருடைய கைபேசிக்குத் தகவல் அனுப்பும் மாத்திரைப் பெட்டி. கூடத்தில் ஒரு கேமரா. கதவு திறந்து மூடினால் கைபேசிக்குச் சொல்லும் ஓர் உணரி. நேரத்துக்கு நேரம் பேசும் ஓர் உருண்டை. பழைய பாட்டுக் கேட்டால் மனசு அமைதியாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதால் காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று.

முதல் இரண்டு வாரம் எல்லாம் தலைகீழாக நடந்தது. உருண்டையில் அவர் தன் குரலிலேயே "அம்மா, மாத்திரை போடு" என்று பதிவு செய்து வைத்திருந்தார். அம்மா அதனிடம், "சார், நீங்க தினமும் இந்த நேரத்துக்குத் தப்பான நம்பருக்கே கூப்பிடறீங்க" என்று பொறுமையாக விளக்கினார். எக்ஸ்சேஞ்சுக்குள் படம் எடுக்க அனுமதி கிடையாது என்று சொல்லிக் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். ஹெட்போனைப் பார்த்ததும் மட்டும் முகம் மலர்ந்தது. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு டெலிபோன் முன்னால் உட்கார்ந்தவர், அன்றிலிருந்து முழுநேர டியூட்டியில் சேர்ந்துவிட்டார். மாத்திரைகள் பெட்டியிலேயே கிடந்தன. ஒரு நாள் அடுப்பு எரிந்தபடியே கிடந்தது.

மூன்றாவது வாரம் கண்ணாடிக்காரர் செயலிகளை எல்லாம் புதுப்பித்தார். மறுநாளிலிருந்து மந்திரம் போட்டதுபோல எல்லாம் சரியாகிவிட்டது. பன்னிரண்டரை அடித்தால் மாத்திரைப் பெட்டி திறந்தது என்று தகவல் வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும், அடுப்பு அணைந்திருக்கும், அம்மாவின் தலை வாரிப் பின்னியிருக்கும். கதவு உணரி மட்டும் தினமும் பதினோரு மணிக்குக் கதவு திறந்து மூடியதாகச் சொல்லும், நாலு மணிக்கு மறுபடியும் சொல்லும். முதல் நாள் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"எதுக்குக் கதவைத் திறந்தீங்க?"

"ஷிஃப்ட் மாறுது சார்" என்றார் ஆபரேட்டர்.

அதுவும் விளையாட்டின் ஒரு பகுதி என்று விட்டுவிட்டார். அந்தச் செயலிக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, "என் தாயைத் திருப்பித் தந்தது" என்று நாலு வரி விமர்சனமும் எழுதினார். அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் அம்மாள் ஒருவரைத் தவிர எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த மாடிவீட்டம்மாளிடம் அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவருடைய பூத்தொட்டிகளிலிருந்து ஒழுகும் தண்ணீர், நேராக இவருடைய துவைத்த சட்டைகளின் மேல்தான் விழும்.

இப்படியாக எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் திங்கட்கிழமை அக்காவின் போன் வந்தது.

"ஏண்டா, ஆள் வெச்சதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யார்... எந்த ஆளு?"

"வீட்டுக்குப் போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க. என்ன மரியாதை, என்ன தெளிவு! 'லைன்ல இருங்க'ன்னு சொல்லிட்டு அம்மாகிட்டக் குடுத்தாங்க. எங்கே புடிச்சே அந்த அம்மாவை?"

உண்மையைச் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். 'அது நம்ம அம்மாதான்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். நாலரை மாதமாக ஆளே இல்லையா என்பார். அடுத்த ரயிலில் வந்து இறங்குவார். அம்மா இல்லாத வீட்டுக்குச் சாயங்காலம் போய்த் தானே சாவி போட்டுத் திறப்பதைக் கண்ணாடிக்காரரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஆ... ஆமாக்கா. வெச்சிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம்."

"முன்னாடி எங்கே வேலை பார்த்தாங்களாம்?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அட! நம்ம அம்மா மாதிரியே! அம்மாவைத் தெரியுமாமா அவங்களுக்கு?"

"நல்லாத் தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர். அதுவரை அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

மறுநாள் அக்கா அந்த அம்மாவை வீடியோவில் பார்க்க ஆசைப்பட்டார். கேமரா கெட்டுப்போய்விட்டது என்றார் இவர். அப்படியானால் நல்ல கேமராவாக ஒன்று தானே வாங்கி அனுப்புவதாகச் சொன்னார் அக்கா. அந்த அம்மாவுக்குக் கேமரா என்றால் கூச்சம் என்றார் இவர். முப்பத்து நாலு வருஷம் ஊர் பூராவிடமும் பேசியவருக்கு என்ன கூச்சம் என்று அக்கா கேட்டார். முப்பத்து நாலு என்று தான் எப்போது சொன்னோம் என்று இவர் யோசிப்பதற்குள் அடுத்த இடி விழுந்தது.

"வியாழக்கிழமை நேர்லயே வந்துடறேன். அவங்களையும் பார்த்த மாதிரி இருக்கும்."

"வியாழக்கிழமை அவங்களுக்கு லீவுக்கா!"

"அப்ப அன்னிக்கு அம்மா தனியாவா இருப்பாங்க? நல்லதாப் போச்சு, நான் கூட்டிட்டே வந்துடறேன்."

"இல்லை இல்லை, லீவு கேட்டாங்க, நான் குடுக்கலை!"

"பாவம்டா. இவ்வளவு கெடுபிடியா இருக்காதே" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

அன்று கண்ணாடிக்காரர் ஒரு வாடிக்கையாளருக்கு இடது வில்லையை வலதில் போட்டார். அவர், "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றது இன்னும் பயமாக இருந்தது.

மின்சாதனத்தால் வந்த வினையை மின்சாதனத்தாலேயே தீர்க்கலாம் என்று முதலில் ஒரு திட்டம் போட்டார். ஆபரேட்டரின் குரலைப் பதிவு செய்து உருண்டையைக் குளியலறைக்குள் வைத்துவிடுவது. அக்கா வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து பதில் வரும். ஆள் இருப்பது போலவும் இருக்கும், பார்க்க முடியாமலும் போகும். அன்று சாயங்காலம் கைபேசியை நீட்டிக்கொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"ஆபரேட்டரம்மா, ஒரே ஒரு வரி சொல்லுங்க. 'நான் குளிச்சுக்கிட்டு இருக்கேன்.' அவ்வளவுதான்."

அம்மா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆபரேட்டர் டியூட்டி நேரத்துல குளிக்க மாட்டாங்க சார்."

"சும்மா சொல்லத்தாங்க."

"இப்படிப் பேசற சந்தாதாரர் பேரை மேலதிகாரிகிட்டக் குடுத்துடுவோம். வைங்க போனை."

திட்டம் அதோடு முடிந்தது. மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் வீட்டுக்குக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாயிற்று.

"நம்பர் சொல்லுங்க."

"ஆபரேட்டரம்மா, யாரோடவும் இணைக்க வேண்டாம். உங்ககிட்டயே ஒண்ணு கேக்கணும். எங்கம்மா எப்படி இருக்காங்க?"

"சந்தாதாரர் விஷயத்தை வெளிய சொல்லக் கூடாது சார்."

"நான் அவங்க பையங்க."

"பயமா இருக்காம் சார்" என்றார் ஆபரேட்டர் தாழ்ந்த குரலில். "எதைப் புடிச்சாலும் நழுவுதாம். பையன்கிட்ட சொன்னா கடையை மூடிட்டு வந்து பக்கத்துல உக்காந்துடுவான், அதனால சொல்ல மாட்டேங்கறாங்க. நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

"சொல்லலைங்க."

"மூணு நிமிஷம் ஆச்சு சார்." டக்.

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார். கண்ணாடிக் கடையில் அதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. அம்மாவை எங்கேயும் அனுப்ப முடியாது, அதற்காக யார் காலில் விழவும் தயார் என்று முடிவு செய்துகொண்டார்.

விழவேண்டிய கால் மூன்றாம் மாடியில் இருந்தது. பகல் நேரத்தில் அந்த அடுக்ககத்தில் வீட்டில் இருக்கும் ஒரே ஆள் அந்தப் பூத்தொட்டிக்காரர்தான்.

கண்ணாடிக்காரர் போனபோது மாடிவீட்டம்மாள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சிரித்தே பார்த்திராத முகம்.

"சட்டை விஷயமா வந்திருந்தீங்கன்னா, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அய்யோ, சட்டை நனைஞ்சா நனையட்டுங்க. காத்துல காஞ்சுடும். நான் ஒரு உதவி கேட்டு வந்தேன்."

நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார். மாடிவீட்டம்மாள் பூவாளியைக் கீழே வைக்காமலே கேட்டார். தண்ணீர் ஒரே தொட்டியில் நிரம்பி வழிந்து, கீழே இவருடைய சட்டை மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப, உங்க வீட்டுல வேலைக்கு இருக்கற மாதிரி நான் நடிக்கணும்."

"வியாழக்கிழமை ஒரே ஒரு நாள்! பதினோரு மணிக்கு வந்து ஒரு அரை மணி நேரம் இருந்தாப் போதும்."

"நாலு மணி வரைக்கும் இருக்கேனே. அதான் பார்க்க நல்லா இருக்கும்."

கண்ணாடிக்காரர் உருகிப்போனார். இப்படிப்பட்ட மனுஷியிடமா இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம்! அம்மாவைப் பற்றி அரை மணி நேரம் பாடம் நடத்தினார். அம்மாவின் நாற்காலியில் உட்காரக் கூடாது. மாத்திரை பன்னிரண்டரைக்கு. பெட்டியில் நீலப் பொத்தானை அமுக்கினால் மூடி திறக்கும். வெள்ளை மாத்திரை முதலில், மஞ்சள் அப்புறம்.

"மஞ்சளைச் சாப்பிட்டப்புறம் குடுக்கணும். வெறும் வயித்துல குடுத்தா குமட்டும்" என்றார் மாடிவீட்டம்மாள்.

"எப்படிங்க தெரியும்?"

"பொதுவா மஞ்சள் மாத்திரைன்னா அப்படித்தான்."

"கெட்டிக்காரங்க நீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "யாராவது கேட்டா ரெண்டு மாசமா வேலை பார்க்கறதா சொல்லணும். மறந்துடாதீங்க. ரெண்டு மாசம்."

"எனக்குப் பொய் சொல்லி அவ்வளவாப் பழக்கம் இல்லை தம்பி. பார்க்கலாம்."

வியாழக்கிழமை பத்து மணிக்கே அக்கா வந்து இறங்கிவிட்டார். கையில் பை, மூக்கில் கண்ணாடி, கண்ணாடிக்கு மேலே விடைத்தாள் திருத்தும் பார்வை. வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா அவர் கன்னத்தைத் தடவி, "எந்த ஊர்லேருந்தும்மா பேசறே?" என்று கேட்டார். அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னார். "அந்த லைன் எப்பவும் இரைச்சலா இருக்கும். இன்னிக்கு எவ்வளவு தெளிவாக் கேக்குது பாரு" என்று அம்மா சந்தோஷப்பட்டார். அக்கா கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சரியாகப் பதினோரு மணிக்கு மணி அடித்தது. கண்ணாடிக்காரரின் கைபேசியும், 'கதவு திறந்தது' என்று துடித்தது.

மாடிவீட்டம்மாள் உள்ளே வந்தார். அம்மா எங்கே 'யார் நீ, வெளியே போ' என்று கத்தப்போகிறாரோ என்று கண்ணாடிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அம்மா எழுந்தார். ஹெட்போனைக் கழற்றி மாடிவீட்டம்மாளின் கையில் கொடுத்தார்.

"அஞ்சு டிரங்க் கால் பாக்கி இருக்கு. ஒருத்தர் மட்டும் ஓயாம மாத்திரை மாத்திரைன்னு கேட்டுக்கிட்டே இருக்கார். நல்ல மனுஷன்தான், ஆனா பதற்றக்காரர். பொறுமையாப் பேசுங்க."

"பார்த்துக்கறேன் மேடம். நீங்க கொஞ்சம் காலை நீட்டிப் படுங்க" என்றார் மாடிவீட்டம்மாள்.

அம்மா சமர்த்தாகப் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டார். முதல் நாளே இப்படி ஒத்துப்போவார் என்று யார் கண்டது! நாடக மேடையில் இருக்கவேண்டியவர் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாரே என்று கண்ணாடிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

"உக்காருங்க" என்றார் அக்கா. "எத்தனை மாசமா இங்கே வேலை பார்க்கறீங்க?"

"நாலு மாசமாச்சு."

கண்ணாடிக்காரர் பலமாக இருமினார். "ரெண்டு! ரெண்டு மாசம்!"

"ரெண்டா, நாலா?" என்றார் அக்கா, தம்பியைப் பார்த்து.

"ரெண்டு மாசம்தான். ஆனா வேலை அதிகம். அதனால அவங்களுக்கு நாலு மாசம் மாதிரி தெரியுது."

"ஓஹோ. அப்ப எக்ஸ்சேஞ்ச்ல எந்த செக்‌ஷன்ல இருந்தீங்க?"

மாடிவீட்டம்மாள் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"அவங்க அதைப் பத்திப் பேச மாட்டாங்கக்கா. ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்திருக்காங்க."

"இப்பவுமா?"

"சாகற வரைக்கும்" என்றார் கண்ணாடிக்காரர்.

அக்கா மெதுவாகத் தலையாட்டினார். பிறகு மாடிவீட்டம்மாளிடம் அம்மா எத்தனை மணிக்குத் தூங்குகிறார், எதைக் கேட்டால் கோபப்படுகிறார், தலைக்கு எண்ணெய் வைத்தால் ஒத்துக்கொள்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாடிவீட்டம்மாள் தயங்காமல் பதில் சொன்னார். இரண்டு மணிக்குச் சற்றுக் கண்ணயர்வார், செருப்பை ஒளித்து வைப்பார், பின்னும்போது பழைய சந்தாதாரர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வார். எவ்வளவு தத்ரூபமாக அள்ளிவிடுகிறார் என்று கண்ணாடிக்காரர் வியந்துகொண்டே இருந்தார்.

"ஒண்ணுதான் புரியலை" என்றார் அக்கா. "போன்ல கேட்ட குரல் இது இல்லையே?"

"போன்ல எல்லார் குரலும் மாறித்தான்க்கா கேக்கும்."

"அப்படியா? கேட்டுடுவோம்."

அக்கா தன் கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டு டெலிபோன் ஒரு முறை அடித்தது. மாடிவீட்டம்மாள் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். கண்ணாடிக்காரர் இரண்டு கைகளாலும் எடுங்கள், எடுங்கள் என்று சாடை காட்டினார். அவர் எடுப்பதாக இல்லை.

இரண்டாவது மணி அடிப்பதற்குள் சாய்வு நாற்காலியிலிருந்து அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"இப்படியா மணியை அடிக்க விடறது?" என்று மாடிவீட்டம்மாளைக் கடிந்துகொண்டு போனை எடுத்தார். "நம்பர் சொல்லுங்க."

பால்கனிக்கும் கூடத்துக்கும் நாலு எட்டுதான் தூரம். அக்கா நின்ற இடத்திலிருந்து அம்மாவின் முதுகு தெளிவாகத் தெரிந்தது. ஆட்டம் முடிந்தது என்று கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஆனால் அக்கா போனை வைக்கவில்லை.

"ஆபரேட்டரம்மா," என்றார், "எங்க அம்மாவை என் ஊருக்கே மாத்திக்கலாமான்னு ஒரு யோசனை. அவங்க என்ன சொல்றாங்க?"

"இணைப்பு மாத்தறதா? அதுக்குச் சந்தாதாரர் கையெழுத்து வேணும்மா. அவங்க போட மாட்டாங்க."

"ஏன்?"

"பையன் சாயங்காலம் வந்து மணி அடிப்பான். ரெண்டாவது மணிக்குள்ள எடுக்க ஆள் இல்லைன்னா அவன் தாங்க மாட்டான். அதான்."

மாடிவீட்டம்மாள் ஹெட்போன் வயரைக் காரணமில்லாமல் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றார் அக்கா. "மாத்தலை."

"மூணு நிமிஷம் ஆச்சும்மா." டக்.

அக்கா உள்ளே வந்தார். கண்ணாடிக்காரருக்கு இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பில் மாட்டிக்கொண்ட மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஆளே இல்லை. நீ போன்ல கேட்டது அம்மாவைத்தான். இவங்க மாடிவீட்டம்மா. இன்னிக்கு ஒரு நாளைக்கு நடிக்கச் சொல்லி நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். நாலரை மாசமா அம்மாவைப் பார்த்துக்கறது இந்தப் பெட்டியும் கதவும் உருண்டையும்தான். ஆனா எல்லாம் ஒழுங்கா நடக்குது, நீயே பாரு. எங்கிட்டேருந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடாதே."

அக்கா கத்துவார் என்று காத்திருந்தார். அக்கா அவருடைய மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் முந்தானையால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டார்.

"ஊருக்கே கண்ணைப் பரிசோதிக்கறே. உன் கண்ணாடி எவ்வளவு அழுக்கு பாரு" என்றார். "இப்ப எப்படி நடக்குதோ அப்படியே நடக்கட்டும். எதையும் மாத்தாதே."

மூன்று மணிக்கு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு அக்கா கிளம்பினார். வாசலில் மாடிவீட்டம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஏதோ பேசினார். தன்னுடைய சாதனங்கள் ஒரு தலைமையாசிரியையையே வென்றுவிட்டன என்று கண்ணாடிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தச் செயலிக்கு ஆறாவது நட்சத்திரம் போட வழியிருக்கிறதா என்றுகூடத் தேடிப் பார்த்தார். இல்லை.

நாலு மணிக்கு மாடிவீட்டம்மாள் ஹெட்போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி மாட்டிக்கொண்டு கதவு வரை கூடவே வந்தார்.

"ரொம்ப நன்றிங்க" என்று கண்ணாடிக்காரர் கைகூப்பினார். "என்னா நடிப்பு! எங்க அக்காவே மயங்கிட்டாங்க. உங்களுக்கு நல்ல சட்டமா பார்த்து ஒரு கண்ணாடி போட்டுத் தரேன். தொட்டித் தண்ணியைப் பத்தி இனிமே மூச்சு விட மாட்டேன். அக்கா போயாச்சு, நாளையிலேருந்து நீங்க சிரமப்பட்டு இறங்கி வர வேண்டியதில்லை."

மாடிவீட்டம்மாள் செருப்பைத் தேடினார். அது வழக்கமான இடத்தில், குடைக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு முதல் முறையாகச் சிரித்தார்.

"நாளைக்கும் பதினோரு மணிக்கு வருவேன் தம்பி. உங்க அக்கா போன்லயே பேசி என்னை இந்த வேலைக்கு வெச்சு நாலு மாசமாச்சு. இன்னிக்கு இந்த வீட்டுல நடிச்சது நீங்க ஒருத்தர்தான்."